முத்தம் பிறந்த இடம் இந்தியாவா? அறிவியலும் வரலாறும் தரும் விடைகள்

புதுதில்லி: மனித வரலாற்றில் முத்தம் முதன்முதலாக எங்கே பதிவானது என்ற வினாவுக்கு அண்மைக் காலம் வரை ஆய்வுலகம் அளித்து வந்த விடை 'இந்தியா' என்பதே. கி.மு. 1500-ஐ ஒட்டிய வேத இலக்கியக் குறிப்புகளே இதழ் முத்தத்துக்கான மிகப் பழைய எழுத்துச் சான்று என்றும், இங்கிருந்தே அப்பழக்கம் மேற்கு நோக்கிப் பரவியிருக்கலாம் என்றும் பலர் எழுதி வந்தனர். 2023 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஒரு கட்டுரை இந்த விடையை மாற்றியமைத்தது.

இது பழம்பெருமை பற்றிய போட்டி மட்டும் அன்று. முத்தம் எப்போது, எங்கே தொடங்கியது என்ற கேள்வியுடன் வாய்வழித் தொற்றுநோய்களின் வரலாறும் பின்னியிருக்கிறது. முத்தம் மனிதனின் இயல்புணர்ச்சியா, கற்றுக்கொண்ட பழக்கமா என்ற விவாதமும் அதிலிருந்தே கிளைக்கிறது. பொது இடத்தில் இடப்படும் ஒரு முத்தம் இன்றும் காவல் நிலையம் வரை செல்லக்கூடிய நாட்டில், இந்த விவாதத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

களிமண் பலகைகள் சொன்ன செய்தி

டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரோயல்ஸ் பாங்க் ஆர்பெல், பிரிட்டனின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோஃபி லண்ட் ராஸ்முசென் ஆகிய இருவரும் மெசபடோமியாவின் ஆப்பெழுத்துப் பலகைகளை ஆராய்ந்தனர். இன்றைய இராக், சிரியா பகுதிகளில் யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளுக்கு இடையே வாழ்ந்த மக்கள், கி.மு. 2500-ஐ ஒட்டிய காலத்திலேயே, அதாவது சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே, இதழ் முத்தத்தைப் பற்றி எழுதி வைத்துள்ளனர் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

அந்தக் குறிப்புகள் இருவகைப்பட்டவை. ஒன்று, குடும்பத்தாரிடமும் பெரியோரிடமும் அன்பையும் பணிவையும் காட்டும் முத்தம். மற்றொன்று, காதலர்க்கும் தம்பதியர்க்கும் உரிய முத்தம். சமூகம் அதற்கு விதித்த கட்டுப்பாடுகளும் அப்பலகைகளில் தெரிகின்றன. கி.மு. 1800-ஐ ஒட்டிய ஒரு பலகை, திருமணமான பெண் ஒருத்தி ஒரு முத்தத்தால் வழிதவற இருந்ததைப் பேசுகிறது. துறவு நிலையில் இருந்த பெண் பூசாரியை முத்தமிட்டால் முத்தமிட்டவர் பேசும் திறனை இழப்பார் என்ற நம்பிக்கையும் இருந்துள்ளது.

இக்கட்டுரை எழுதப்பட்டதற்கு ஒரு பின்னணி உண்டு. வாயைச் சுற்றிக் கொப்புளங்களை உண்டாக்கும் 'ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்-1' என்ற வைரஸின் பண்டைய மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்த வேறொரு குழு, இன்று பரவியுள்ள வகை சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு தலையெடுத்தது என 2022-இல் அறிவித்தது. வெண்கலக் காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்தபோது இதழ் முத்தம் என்ற புதிய பழக்கமும் உடன் பரவியது இதற்குக் காரணமாக இருக்கலாம் என அக்குழு கருதியது. முத்தத்தின் மிகப் பழைய பதிவு தெற்காசியாவுக்கு உரியது என்ற கருத்தையும் அது சுட்டியது. மெசபடோமியச் சான்றுகளை முன்வைத்த இருவரும், முத்தம் ஒரே இடத்தில் தோன்றிப் பிற இடங்களுக்குச் சென்றதாகக் கொள்ளத் தேவையில்லை என்றும், பல பண்டைய சமூகங்களில் அது தனித்தனியே வழக்கில் இருந்திருக்கலாம் என்றும் வாதிடுகின்றனர்.

முகர்தலும் முத்தமும்

இந்தியச் சான்றுகளின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. அமெரிக்க சமஸ்கிருத அறிஞர் எட்வர்ட் வாஷ்பர்ன் ஹாப்கின்ஸ் 1907-ஆம் ஆண்டிலேயே பண்டைய இந்தியாவின் 'முகர் முத்தம்' பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். பழைய நூல்களில் அன்பின் வெளிப்பாடு பெரும்பாலும் இதழால் அன்றி மூக்கால், அதாவது அன்புக்குரியவரின் தலையையோ முகத்தையோ முகர்வதாகவே சொல்லப்பட்டுள்ளது என்பது அவரது கருத்து.

தமிழில் இன்றும் வழங்கும் 'உச்சி முகர்தல்' என்ற தொடர் இதற்கு நெருக்கமானது. குழந்தையைத் தூக்கி அதன் உச்சந்தலையை முகரும் செயலே பாராட்டுக்கும் பேரன்புக்கும் உரிய சொல்லாக நிலைத்துள்ளது. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களில் ஐந்தாவது 'முத்தப் பருவம்'. முத்தம் என்றவுடன் காதலரை மட்டுமே நினைப்பது பிற்காலப் பழக்கம் என்பதை இவை உணர்த்துகின்றன.

காதல் முத்தம் பண்டைய இந்தியாவில் இல்லாமலும் இல்லை. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில் முத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உள்ளது. மகாபாரதத்திலும் இதழ் முத்தம் பற்றிய குறிப்புகள் இருப்பதை ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர்.

மனிதனுக்கும் முந்தைய வழக்கம்

எழுத்துச் சான்று கிடைப்பதற்கும் பழக்கம் தோன்றுவதற்கும் இடையே பெரும் இடைவெளி இருக்கக்கூடும். நெதர்லாந்தின் ஆர்னெம் விலங்குக் காட்சிச்சாலையில் 1970-களில் சிம்பன்சிகளைக் கவனித்த உயிரியலாளர் ஃபிரான்ஸ் டி வால், சண்டையிட்டுக்கொண்ட இரு விலங்குகள் சற்று நேரத்தில் மீண்டும் நெருங்கி வந்து வாயோடு வாய் வைத்துச் சமாதானம் ஆவதைப் பதிவு செய்தார். சிம்பன்சிகளின் நெருங்கிய உறவினமான போனபோக்களும் முத்தமிடுகின்றன.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் மடில்டா பிரிண்டில் தலைமையிலான குழு 2025 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு, உணவு ஊட்டுதலும் தாக்குதல் நோக்கமும் இல்லாத வாய்த் தொடுகையை 'முத்தம்' என வரையறுத்தது. பல குரங்கினங்களின் நடத்தைகளையும் அவற்றின் பரிணாம உறவுகளையும் ஒப்பிட்ட அக்குழு, 2.15 கோடி முதல் 1.69 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த பெருங்குரங்குகளின் பொது மூதாதையரிடமே இந்நடத்தை தோன்றியிருக்க வேண்டும் எனக் கணித்தது. நியாண்டர்தால் மனிதர்களும் முத்தமிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் அது கூறியது.

இதனுடன் பொருந்தும் மற்றொரு சான்று பற்காறையில் கிடைத்துள்ளது. நியாண்டர்தால்களின் பற்காறையில் இருந்த ஒரு நுண்ணுயிரியின் மரபணுத் தொகுதி 2017-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில் விவரிக்கப்பட்டது. மனித இனமும் நியாண்டர்தால் இனமும் பரிணாமத்தில் பிரிந்து நெடுங்காலம் ஆன பின்னரும், அந்த நுண்ணுயிரி இரு இனங்களின் வாய்களுக்கு இடையே கைமாறியிருப்பதாகத் தெரிய வந்தது. உணவையோ நீரையோ பகிர்ந்ததாலோ, முத்தத்தாலோ இது நிகழ்ந்திருக்கலாம்.

முத்தம் ஏன் தோன்றியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தாய் உணவை மென்று குழந்தையின் வாயில் ஊட்டியதன் நீட்சி என்பது ஒரு விளக்கம். பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்ரியானோ லமேரா 2024-இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். குரங்கினங்கள் ஒன்றின் உடலிலிருந்து மற்றொன்று பேன் எடுக்கும்போது இறுதியில் இதழால் உறிஞ்சி எடுக்கும் அசைவு உண்டு. மனித மூதாதையரின் உடலில் ரோமம் குறைந்து, பேன் எடுக்கும் தேவை அருகிய பின்னரும் அந்த இறுதி அசைவு மட்டும் அன்பின் அடையாளமாக எஞ்சியது என்பது அவரது கருதுகோள்.

எல்லோரும் முத்தமிடுவதில்லை

இவ்வளவு பழமையான நடத்தை என்றால் உலக மக்கள் அனைவரிடமும் அது இருக்க வேண்டும் என்றே தோன்றும். ஆய்வு அவ்வாறு சொல்லவில்லை. அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் ஜான்கோவியாக்கும் அவரது குழுவினரும் 2015-இல் 168 பண்பாடுகளைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, காதல் சார்ந்த இதழ் முத்தம் 77 பண்பாடுகளில் மட்டுமே, அதாவது 46 சதவீதத்தில் மட்டுமே காணப்பட்டது.

மத்திய கிழக்கில் ஆராயப்பட்ட எல்லாப் பண்பாடுகளிலும் அது இருந்தது. ஆசியாவில் 73 சதவீதத்திலும் ஐரோப்பாவில் 70 சதவீதத்திலும் காணப்பட்டது. மத்திய அமெரிக்கப் பண்பாடுகளில் ஒன்றில்கூடப் பதிவாகவில்லை. ஏற்றத்தாழ்வும் சமூக அடுக்குகளும் மிகுந்த சமூகங்களிலேயே இப்பழக்கம் அதிகம் என்பதும், வேட்டையாடி உணவு சேகரித்து வாழும் சமூகங்கள் பலவற்றில் அது இல்லை என்பதும் ஆய்வின் மற்றொரு முடிவு.

முத்தம் இல்லாத இடத்தில் அன்பு இல்லை என்று பொருள் அன்று. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் நெற்றியையும் மூக்கையும் ஒன்றோடொன்று ஒற்றி மூச்சைப் பகிர்வதை 'ஹோங்கி' என்கின்றனர். ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் அன்புக்குரியவரின் கன்னத்தில் மூக்கையும் மேலுதட்டையும் பதித்து முகர்வதை 'குனிக்' என்கின்றனர். வாயால் நெருங்கும் திறன் உடலோடு வந்தது. அதை யாரிடம், எப்போது, எப்படி வெளிப்படுத்துவது என்பதை ஒவ்வொரு சமூகமும் தானே வகுத்துக்கொண்டது என்பதே இதுவரையிலான சான்றுகளின் சாரம்.

உடலில் நிகழ்வது என்ன?

இதழ்களின் தோல் மிக மெல்லியது. அதன் கீழுள்ள குருதி நாளங்கள் வெளியே தெரிவதால்தான் உதடு சிவந்து காணப்படுகிறது. நரம்பு முனைகள் அங்கு நெருக்கமாக அமைந்துள்ளதால், மூளையின் தொடுவுணர்வுப் பகுதியில் உதட்டுக்கு அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரு சிறு தொடுகையும் ஆழமாக உணரப்படுவதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் 52 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் ஆறு வாரங்களுக்குத் தம் துணைவரை வழக்கத்தைவிட அதிகமாக முத்தமிடச் செய்தனர். அவர்களிடம் மன அழுத்தமும் குருதியின் மொத்தக் கொலஸ்ட்ரால் அளவும் குறைந்து, உறவில் மனநிறைவு கூடியது. இது சிறிய ஆய்வு என்பதால், முத்தத்தை மருந்தாகக் கொள்ள இது போதாது.

நெதர்லாந்தில் 21 இணையர்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு, பத்து விநாடிகள் நீடிக்கும் ஆழ்ந்த முத்தத்தில் சுமார் 8 கோடி பாக்டீரியாக்கள் இடம் மாறுவதாகக் கணக்கிட்டது. இணையரில் ஒருவரை நன்மை தரும் நுண்ணுயிரிகள் கலந்த தயிர் பானத்தை அருந்தச் செய்து, பின்னர் மற்றவரின் எச்சிலில் அவை எவ்வளவு சேர்ந்தன என்று அளந்தனர். நாளொன்றுக்கு ஒன்பது முறைக்கு மேல் முத்தமிடும் இணையரின் எச்சிலில் உள்ள நுண்ணுயிரிகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன.

முத்தமிடும்போது தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் ஆய்வுக்கு உள்ளாகியுள்ளது. ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓனுர் குந்துர்குன், விமான நிலையங்கள், ரயில் நிலையங்கள், கடற்கரைகள், பூங்காக்களில் கண்ட 124 இணையரில் 80 பேர், அதாவது ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், தலையை வலப்புறம் சாய்த்ததை 2003-இல் பதிவு செய்தார். பொது இடத்தில் முத்தமிடும் வழக்கம் இல்லாத வங்கதேசத்தில், 48 தம்பதியரைத் தம் வீட்டுக்குள் முத்தமிட்டுப் பின் தனித்தனியே விவரம் தரச் சொல்லி நடத்தப்பட்ட ஆய்விலும் இதே வலப்புறச் சாய்வு வெளிப்பட்டது. திரைப்படமோ பழக்கமோ கற்றுத்தந்தது மட்டும் அன்று இது என்பதற்கு அந்த ஆய்வு வலுச் சேர்த்தது.

நோயும் தடைகளும்

முத்தத்தால் நோய் பரவும் என்ற அச்சம் பழமையானது. ரோமப் பேரரசர் டைபீரியஸ், நாள்தோறும் முத்தமிட்டு வணங்கும் வழக்கத்தை ஆணையிட்டுத் தடுத்ததாக வரலாற்றாசிரியர் சுவிட்டோனியஸ் எழுதியுள்ளார். அவரது ஆட்சியில் முகத்தில் தோன்றிய ஒரு தோல் நோய் முத்தத்தின் வழியே மேட்டுக்குடியினரிடையே பரவியதாக மூத்த பிளினி குறிப்பிடுகிறார். கொள்ளைநோய் பரவிய 1439-இல், மன்னருக்கு மரியாதை செலுத்தும்போது முத்தமிடுவதைத் தவிர்க்க அனுமதிக்குமாறு இங்கிலாந்து நாடாளுமன்றம் ஆறாம் ஹென்றியிடம் வேண்டியது. கொரோனா பரவிய 2020-இல், சந்திக்கும்போது கன்னத்தில் முத்தமிடும் வழக்கத்தைக் கைவிடுமாறு பிரான்ஸ் அரசு தன் மக்களை அறிவுறுத்தியது.

இன்றைய மருத்துவம் அச்சத்தையும் உண்மையையும் பிரித்துக் காட்டுகிறது. எச்சிலால் எச்.ஐ.வி. தொற்று பரவுவதில்லை. எப்ஸ்டைன்-பார் வைரஸ் எச்சில் வழியே பரவுகிறது. தொண்டை வலி, காய்ச்சல், நெறி வீக்கம் ஆகியவற்றை உண்டாக்கும் அந்நோய்க்கு மேலை நாடுகளில் 'முத்த நோய்' என்றே பெயர். நிலக்கடலை போன்றவற்றால் கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, அவற்றைச் சற்று முன்பு உண்டவரின் முத்தமும் ஆபத்தாகலாம்.

எல்லாவற்றிலும் கூடுதல் கவனம் தேவைப்படுவது பச்சிளங் குழந்தைகள் விஷயத்தில்தான். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேர், அதாவது 64 சதவீதத்தினர், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்-1 தொற்று உள்ளவர்கள் என உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. பெரும்பாலானோருக்கு அறிகுறி இராது; சிலருக்கு அவ்வப்போது உதட்டோரம் கொப்புளம் தோன்றி மறையும். நோய் எதிர்ப்பாற்றல் வளராத பச்சிளங் குழந்தைக்கு இதே வைரஸ் மூளையையும் உள்ளுறுப்புகளையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இது அரிதே எனினும், உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும் குழந்தையை முத்தமிடக் கூடாது என மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். குழந்தையைப் பார்க்க வருவோர் கை கழுவிவிட்டுத் தூக்குவதும், முகத்தில் முத்தமிடுவதைத் தவிர்ப்பதும் நலம். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குக் கொப்புளமோ காய்ச்சலோ சோர்வோ கண்டால், பால் குடிக்க மறுத்தால், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

திரையிலும் நீதிமன்றத்திலும்

திரைப்படத்தில் முத்தம் 1896-இலேயே இடம்பெற்றது. தாமஸ் எடிசனின் நிறுவனம் எடுத்த, இருபது விநாடிகளுக்கும் குறைவான 'தி கிஸ்' அப்போதே கண்டனங்களைச் சந்தித்தது. இந்தியாவில் 1933-இல் வெளியான 'கர்மா' படத்தில் தேவிகா ராணியும் ஹிமான்ஷு ராயும் இதழ் முத்தக் காட்சியில் நடித்தனர். விடுதலைக்குப் பின் தணிக்கை இறுகி, இரு மலர்கள் உரசிக்கொள்வதே முத்தத்துக்குப் பதிலான காட்சியாயிற்று. கதைக்குத் தேவையாயின் முத்தக் காட்சியை அனுமதிக்கலாம் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஜி.டி. கோஸ்லா தலைமையிலான குழு 1969-இல் பரிந்துரைத்த பின்னரும், அந்த மாற்றம் திரையில் மிக மெதுவாகவே வந்தது.

திரைக்கு வெளியே நிலைமை இன்னும் சிக்கலானது. பொது இடத்தில் பிறருக்கு வெறுப்பூட்டும் வகையில் ஆபாசச் செயலில் ஈடுபடுவது, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-ஆவது பிரிவின் கீழும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவின் கீழும் குற்றம். மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். முத்தம் என்ற சொல் அப்பிரிவில் இல்லை. எது ஆபாசம் என்பதற்கான வரையறையும் அதில் இல்லை. இந்த இடைவெளியில்தான் வழக்குகள் முளைக்கின்றன.

தில்லியில் பொது இடத்தில் முத்தமிட்டதாக ஓர் இளம் தம்பதியர் மீது பதியப்பட்ட வழக்கை 2009-இல் விசாரித்த தில்லி உயர் நீதிமன்றம், புகாரில் உள்ளவை உண்மையென்றே கொண்டாலும், கணவன் மனைவியின் அன்பு வெளிப்பாடு எவ்வாறு ஆபாசக் குற்றமாகும் என்று வினவியது. ஒரு செயலை அல்லது படத்தை ஆபாசம் எனக் கருதுவதற்கு இன்றைய சமூகத்தின் பொதுவான அளவுகோலையே கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014-இல் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் கோழிக்கோட்டில் ஓர் உணவகம் தாக்கப்பட்டதைக் கண்டித்து, கொச்சி மெரைன் டிரைவில் நவம்பர் 2-ஆம் தேதி 'கிஸ் ஆஃப் லவ்' போராட்டம் நடந்தது. ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் வேடிக்கை பார்ப்போருமாகப் பெருங்கூட்டம் திரண்டது. பங்கேற்க வந்தவர்களைக் காவல்துறை தடுத்து அழைத்துச் சென்றது.

விருப்பமே எல்லை

தில்லியில் 2007-இல் நடந்த எய்ட்ஸ் விழிப்புணர்வு நிகழ்ச்சியின் மேடையில் ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் கெர், நடிகை ஷில்பா ஷெட்டியின் கன்னத்தில் முத்தமிட்டார். அதற்காக நடிகை மீதும் வழக்கு தொடரப்பட்டது. அவர் அச்செயலுக்கு உள்ளானவராகவே தோன்றுகிறார் என்று கூறி மும்பை நீதிமன்றம் அவரை விடுவித்தபோது 2022 ஜனவரி ஆகியிருந்தது. முத்தமிட்டவர் யார், முத்தமிடப்பட்டவர் யார் என்ற வேறுபாட்டை ஏற்க ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின.

இந்த வேறுபாடு உலகெங்கும் இப்போது கூர்மையாகக் கவனிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவைக் கொண்டாடிய 1945 ஆகஸ்ட் 14 அன்று, நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் கடற்படை வீரர் ஒருவர் வெள்ளுடைப் பெண்ணை முத்தமிடும் புகைப்படம் நெடுங்காலம் காதலின் சின்னமாகக் கொண்டாடப்பட்டது. அப்பெண் தாமே எனக் கூறிய கிரேட்டா ஃபிரீட்மன், முன்பின் அறியாத ஒருவர் தம்மைத் திடீரெனப் பற்றி முத்தமிட்டதாகவும் அதில் தமது விருப்பம் இல்லை என்றும் பின்னாளில் தெரிவித்தார். 2023-இல் மகளிர் உலகக் கோப்பையை ஸ்பெயின் வென்றபோது, வீராங்கனை ஜெனி எர்மோசோவின் இதழில் முத்தமிட்ட அந்நாட்டுக் கால்பந்து சம்மேளனத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ் பதவி விலக நேர்ந்தது. 2025 பிப்ரவரியில் ஸ்பெயின் நீதிமன்றம் அதைப் பாலியல் தாக்குதல் எனத் தீர்ப்பளித்து அவருக்கு 10,800 யூரோ அபராதம் விதித்தது.

பழங்காலச் சமூகங்கள் முத்தத்தைத் தகுதி, உறவு, தூய்மை ஆகியவற்றைக் கொண்டு கட்டுப்படுத்தின. பாரசீகர்களில் சம நிலையினர் வாயிலும், சற்றுத் தாழ்ந்தவர் கன்னத்திலும் முத்தமிட்டதாகவும், மிகவும் தாழ்ந்தவர் தரையில் விழுந்து வணங்கியதாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியுள்ளார். இன்றைய சமூகம் ஏற்கத் தொடங்கியுள்ள அளவுகோல் தகுதி அன்று; அவ்விருவரின் விருப்பமே.

முத்தம்: சில விந்தைகள்

* உலகின் மிக நீண்ட முத்தமாகக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது 58 மணி 35 நிமிடம் 58 விநாடிகள். 2013-இல் தாய்லாந்துத் தம்பதியர் ஒருவர் இச்சாதனையைப் படைத்தனர். போட்டியாளர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து எனக் கருதி அந்தப் பிரிவையே கின்னஸ் நிறுவனம் பின்னர் நிறுத்திவிட்டது.

* பாரிஸில் உள்ள எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் கல்லறையில் ரசிகர்கள் உதட்டுச் சாயத்துடன் முத்தமிட்டு வந்ததால் கல் அரிக்கத் தொடங்கியது. 2011-இல் அதைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு அமைக்கப்பட்டது.

* மெல்லிசை கேட்டபடி அரை மணி நேரம் முத்தமிட்டால் தோல் ஒவ்வாமை குறைகிறதா என ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர் ஹாஜிமே கிமாட்டாவுக்கு, முதலில் சிரிப்பையும் பின்னர் சிந்தனையையும் தூண்டும் ஆய்வுகளுக்குரிய 'இக்நோபல்' பரிசு 2015-இல் பகிர்ந்தளிக்கப்பட்டது.

* ஆண்டுதோறும் ஜூலை 6-ஆம் தேதி உலக முத்த நாளாகக் கொண்டாடப்படுகிறது.

* வாயோடு வாய் வைத்துச் செயற்கை மூச்சு அளிக்கும் முதலுதவிப் பயிற்சிக்காக, நார்வேயைச் சேர்ந்த ஆஸ்முண்ட் லேர்டால் 1960-இல் 'ரெசஸி ஆன்' என்ற பொம்மையை உருவாக்கினார். பாரிஸின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம் பெண் ஒருவரின் முக வார்ப்பே அதன் முகத்துக்கு மாதிரி. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதில் பயிற்சி பெற்றுள்ளதால், 'உலகிலேயே அதிக முறை முத்தமிடப்பட்ட முகம்' என்று அது அழைக்கப்படுகிறது.